'விசுவாசம்' என்று எழுதும்போது

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் 26 வருஷமாகப் பிழைதிருத்தும் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, சபை ஆண்டறிக்கை, கோயில் கொடை நோட்டீஸ், பணி ஓய்வு வாழ்த்து மடல் என்று எது அச்சுக்குப் போனாலும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஒற்று மிகுமா, ரகரமா றகரமா என்பதையெல்லாம் கை தன்னால் திருத்திவிடும். சில சொற்கள் அப்படியில்லை. எழுத்தில் ஒரு பிழையும் இருக்காது, ஆனால் இடம் தப்பி உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்டவற்றில் முதலாவது 'விசுவாசம்'. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைப் பற்றி நான் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் அரிசி ஆலையில் கணக்கராக இருந்தவர் ஓய்வு பெற்றார். ஆலைக்கார அண்ணாச்சி கைப்பட எழுதிக் கொடுத்தனுப்பிய வாழ்த்து மடலில் இப்படி ஒரு வரி: "எங்கள் நிறுவனத்துக்கு 34 ஆண்டுகள் விசுவாசமாக உழைத்த". கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில் கொடுக்கிற மடல். போட்டோ சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓய்வு பெறுகிறவரின் மகள் வந்தது. புரூஃபை வாசித்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றது.

"அக்கா, 'விசுவாசமா'ங்கிறதுக்குப் பதிலா வேற ஏதாவது போட முடியுமா?"

"ஏம்மா, நல்ல வார்த்தைதான?"

"நல்ல வார்த்தைதான்க்கா. ஆனா அப்பா ஒரு நாள்கூட கணக்குல பிசகுனது கிடையாது. வேலை பாத்தாங்க, சம்பளம் வாங்குனாங்க. இத வாசிச்சா மொதலாளிதான் என்னமோ எங்களுக்குச் சோறு போட்டு வளத்த மாதிரில்லா இருக்கு."

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். பதறிவிட்டார். "நான் பெருமையாத்தானம்மா எழுதுனேன்" என்றார். அவர் சொன்னதும் உண்மை. அந்தப் பிள்ளைக்குத் தோன்றியதும் உண்மை. 'நாணயமாக உழைத்த' என்று போடலாமா என்று கேட்டேன். "அதுதான் அவருக்குப் பொருத்தம். ஆலைச் சாவியே அவர்கிட்டதான் இருந்துச்சு" என்றார். ஓர் எழுத்து குறைந்தது, வரியும் சீராக உட்கார்ந்தது.

அன்றைக்கு ராத்திரி இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே சொல் கொடுத்தவருக்குப் பெருமையாகவும் வாங்கியவர் வீட்டுக்கு வலியாகவும் இருக்கிறதென்றால் அந்தச் சொல்லுக்குள் ஏதோ ஒரு மேடு பள்ளம் இருக்க வேண்டும்.

வேற்றுமை உருபைப் பாருங்கள்

'விசுவாசம்' வடமொழியிலிருந்து வந்தது. உற்றுப் பார்த்தால் உள்ளே 'சுவாசம்' தெரியும்; இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பயமில்லாமல், நிம்மதியாக மூச்சு விடுவதுதான் அந்த வேரின் பொருள். ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மூச்சு தடையில்லாமல் வருகிறதென்றால் அவரை நம்புகிறோம் என்றுதானே அர்த்தம்? ஆகவே மூலத்தில் இது நம்பிக்கை. தமிழுக்கு வந்தபின் இரண்டு வழியாகப் பிரிந்தது. கோவிலுக்குள் போனது இறைநம்பிக்கை ஆயிற்று. வீட்டுக்கும் ஆலைக்கும் கட்சி ஆபீசுக்கும் போனது, உப்பிட்டவரை விட்டு விலகாத குணம் ஆயிற்று.

எது எந்த விசுவாசம் என்று கண்டுபிடிக்க, அதற்கு முந்தின சொல்லின் வாலைப் பார்த்தால் போதும். 'முதலாளிக்கு விசுவாசமாக இருந்தான்', 'கட்சிக்கு விசுவாசமானவர்' என்று 'கு' உருபு வந்தால் அது உப்பிட்டவரை விலகாத விசுவாசம். 'ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான்' என்று 'ஐ' உருபு வந்தால் அது வேதாகம விசுவாசம். இரண்டாவதற்கு வினைச்சொல் உண்டு: விசுவாசிக்கிறேன், விசுவாசித்தாள், விசுவாசியுங்கள். முதலாவதற்கு வினைச்சொல் கிடையாது. 'முதலாளியை விசுவாசித்தான்' என்று எழுதினால் முதலாளியைக் கடவுளாகக் கும்பிட்டான் என்று ஆகிவிடும். விசுவாசமாக 'இரு'க்கத்தான் முடியும், விசுவாசமாக 'உழைக்க'த்தான் முடியும்.

'இடம்' வரும்போதுதான் குழப்பம். 'தேவனிடத்தில் விசுவாசமாயிருங்கள்' என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. 'மொதலாளிட்ட விசுவாசமா இரு' என்று வீட்டில் பெரியவர்களும் சொல்கிறார்கள். அந்த இடத்தில் உருபு உதவாது, எதிரில் இருப்பது யார் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எழுதும்போது முடிந்தவரை 'கு' போட்டு எழுதிவிடுங்கள், குழப்பம் தீரும்.

'விசுவாசி' என்ற பெயர்ச்சொல்லுக்கும் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு. 'அவர் ஒரு விசுவாசி' என்று மொட்டையாக வந்தால், குறைந்தபட்சம் எங்கள் ஊரில், சபைக்குப் போகிற கிறிஸ்தவர். 'அவர் தலைவரின் தீவிர விசுவாசி' என்று முன்னால் ஓர் ஆள் நின்றால் அரசியல். எங்களிடம் வந்த ஒரு கட்சிப் பொதுக்கூட்ட நோட்டீசில் 'விசுவாசிகளே திரண்டு வாரீர்' என்று இருந்தது. 'கழக விசுவாசிகளே' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தேன். சேர்க்காவிட்டால் பாதிப் பேர் சபைக்காரர்களின் கன்வென்ஷன் கூட்டம் என்று நினைத்திருப்பார்கள்.

சபைக்காரர்களுக்கு எழுதும்போது

இந்த ஊரில் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் காலம் தள்ள முடியாது. ஆரம்பத்தில் நானே பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். ஒரு கத்தோலிக்கக் குடும்பம் தங்கள் பாட்டியின் நினைவாகப் பழைய செபங்களைச் சின்னப் புத்தகமாக அடிக்கக் கொடுத்தார்கள். அதில் 'சர்வேசுரனை விசுவசிக்கிறேன்' என்று இருந்தது. காலெழுத்து விட்டுப்போயிற்று என்று நினைத்து எல்லா இடத்திலும் 'விசுவாசிக்கிறேன்' என்று திருத்திவிட்டேன். 200 பிரதி அடித்து, தைத்து, கட்டிக் கொடுத்தாயிற்று. மறுநாள் அந்தப் பாட்டியின் தங்கை வந்தார்கள். 80 வயதுக்கு மேல் இருக்கும். கோபமே படவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "எங்கக்கா இப்படிச் சொல்ல மாட்டாளே தாயி" என்று மட்டும் சொன்னார்கள். 'விசுவசிக்கிறேன்' என்பதுதான் கத்தோலிக்கரின் பழைய செப வழக்கு என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். அந்தப் பக்கங்களை மட்டும் திரும்ப அடித்து மாற்றிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு செபம், ஜெபம், துஆ எதிலும் கொடுத்தவரைக் கேட்காமல் ஓர் எழுத்தைக்கூட நான் தொடுவதில்லை.

இன்னொரு பெரிய பள்ளம் இருக்கிறது. சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று மூன்று வரும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்று இருக்கிறது. கவனியுங்கள்: 'நம்பிக்கை' இரண்டிலும் இருக்கிறது, ஆனால் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பழையதில் அது வரப்போகிற நன்மைக்குக் காத்திருப்பது. புதியதில் அது இறைவனை நம்புவது. கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் இந்த வசனத்தைப் போடச் சொன்னால், எந்த மொழிபெயர்ப்பிலிருந்து என்று முதலில் கேளுங்கள். பாதி அதிலும் பாதி இதிலும் எடுத்து 'விசுவாசம், எதிர்நோக்கு, அன்பு' என்று ஒருவர் கொண்டுவந்தார். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு புத்தகத்திலும் அப்படி இல்லை.

முஸ்லிம்கள் நிறைய இருக்கிற மேலப்பாளையத்திலிருந்து வருகிற வேலைகளிலும் இதே கவனம் வேண்டும். 'ஈமான்' என்ற அரபுச் சொல்லை அப்படியே எழுதுகிறவர்கள் உண்டு, 'இறைநம்பிக்கை' என்கிறவர்கள் உண்டு, 'விசுவாசம்' என்கிறவர்களும் உண்டு. ஒரே நோட்டீசில் மூன்றும் கலந்துவிடாமல் பார்ப்பதுதான் நம் வேலை, எது சரி என்று தீர்ப்புச் சொல்வது அல்ல.

வேதாகமத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறொன்று. எஜமான் கொடுத்த பணத்தைப் பொறுப்பாகப் பெருக்கி வைத்த வேலைக்காரனைப் பாராட்டும் இடம். நமக்கு வாயில் முதலில் வருவது 'விசுவாசமுள்ள வேலைக்காரன்'. ஆனால் பழைய மொழிபெயர்ப்பில் 'உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே' என்று இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கல்லறைக் கற்களில் அடிக்கடி பார்க்கிற வசனத்திலும் அதே சொல்: 'மரணபரியந்தம் உண்மையாயிரு'. இங்கே உண்மை என்பது பொய்யின் எதிர்ச்சொல் அல்ல. விட்டுப் போகாமல் நிற்பது. 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று நாம் விண்ணப்பத்தின் கடைசியில் எழுதுகிறோமே, அதுவும் இந்த உண்மைதான். நான் பொய் சொல்லவில்லை என்று அங்கே சொல்லவில்லை, நான் உங்கள் பக்கம் நிற்கிறவன் என்று சொல்கிறோம்.

கீழிருந்து மேலே

இனி அந்த மேடு பள்ளத்துக்கு வருகிறேன். 'கு' உருபோடு வருகிற விசுவாசம் எப்போதும் கீழிருந்து மேலே போகும். தொழிலாளி முதலாளிக்கு, தொண்டன் தலைவனுக்கு, சேவகன் ராஜாவுக்கு, நாய் வளர்த்தவனுக்கு. திருப்பிப் போட்டுப் பாருங்கள். 'முதலாளி தொழிலாளிக்கு விசுவாசமாக இருந்தார்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சமமாக நிற்கிறவர்களுக்குள்ளும் இது ஓடாது. புருஷன் பெண்டாட்டிக்குள் 'உண்மையாக இருந்தார்கள்' என்போம். சிநேகிதர்களுக்குள் 'விட்டுக்கொடுக்க மாட்டான்' என்போம். சொல்லுக்குள் சோறும் உப்பும் இருக்கிறது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று சொல்கிறவர்கள் உப்பைத் தின்றவனுக்குத்தான் சொல்கிறார்கள், இட்டவனுக்கு அல்ல. அந்த மகளுக்கு உறுத்தியது இதுதான். 34 வருஷ உழைப்பை ஒரு நொடியில் உப்புக் கடனாக மாற்றிவிட்டது அந்த வரி.

அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம் இது: ஒருவர் தன்னைப் பற்றித் தானே 'விசுவாசமாக இருந்தேன்' என்று சொன்னால் தொடுவதில்லை. இன்னொருவரைப் பற்றி, அதுவும் அவருக்கு மேலே இருக்கிறவர் எழுதினால், நிறுத்திக் கேட்பேன். பண விஷயத்தில் சுத்தம் என்று சொல்ல வந்தாரென்றால் 'நாணயம்'. சாக்குச் சொல்லாமல் வேலை செய்தார் என்றால் 'பொறுப்பு'. கஷ்ட காலத்திலும் விட்டுப் போகவில்லை என்றால் அதையே எழுதுங்கள்: 'கடை நொடித்த வருஷத்திலும் எங்களை விட்டுப் போகாதவர்'. அந்த மாதிரி ஒரு வரியை எந்தச் சொல்லும் வெல்ல முடியாது.

கடைக்காரர்கள் இப்போது 'எங்கள் விசுவாசமான வாடிக்கையாளர்களுக்கு' என்று கேட்கிறார்கள். வேண்டாம். காசு கொடுத்து வாங்குகிறவரைக் கடைக்குக் கீழே உட்காரவைக்கிற வேலை அது. 'வாடிக்கை' என்ற சொல்லே திரும்பத் திரும்ப வருகிறவர் என்பதைச் சொல்லிவிடுகிறது. 'நீண்ட நாள் வாடிக்கையாளர்களுக்கு' என்று போட்டால் போதும்.

இதே சிக்கல் மலையாளத்திலிருந்து வரும் விளம்பரங்களிலும் உண்டு. திருவனந்தபுரம் இங்கிருந்து தூரமில்லை, அங்கிருந்து வாசகங்கள் அப்படியே எழுத்தை மட்டும் மாற்றி வரும். மலையாளத்தில் விஸ்வாசம் என்றால் இன்னும் பழைய பொருள்தான்: நம்பிக்கை. அங்கே மூடநம்பிக்கை 'அந்தவிஸ்வாசம்', சட்டசபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 'அவிஸ்வாச பிரமேயம்'. கேரளத்து நகைக்கடை ஒன்று மலையாளத்தில் 'விஸ்வாசம், அதல்லே எல்லாம்' என்று சொன்னதைத் தமிழுக்கு வரும்போது 'நம்பிக்கை, அதானே எல்லாம்' என்று மாற்றியது. எழுதினவருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது. 'விசுவாசம், அதானே எல்லாம்' என்று இருந்திருந்தால் நகை வாங்கப் போகிறவர் தயங்கி நின்றிருப்பார்.

நாட்டைப் பற்றி எழுதும்போது 'தேச விசுவாசம்' என்று போடுகிறார்கள். தவறில்லை. ஆனால் இந்தச் சொல்லுக்கு இங்கே ஒரு பழைய நிழல் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் 'ராஜவிசுவாசம்' என்று பேசினார்கள்; அதன் எதிர்ப்பக்கம் 'ராஜத்துரோகம்'. 1908-இல் இதே திருநெல்வேலியில் வ.உ.சி.க்குத் தண்டனை விழுந்தது அந்தக் குற்றத்துக்குத்தான். இன்றைக்கு நம் அமைச்சர்கள் பதவியேற்கும்போது சொல்லும் உறுதிமொழியைக் காது கொடுத்துக் கேளுங்கள். அரசமைப்பின்பால் 'உண்மையான நம்பிக்கையும் மாறாப் பற்றும்' கொண்டிருப்பேன் என்கிறார்கள். விசுவாசம் அதில் இல்லை. ராஜாவுக்கு விசுவாசம், அரசமைப்புக்குப் பற்று. இந்த வேறுபாட்டைப் பார்த்து எழுதியவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவேன்.

நன்றி, செஞ்சோறு, இரண்டகம்

'நன்றி'யும் விசுவாசமும் ஒன்று என்று நினைத்து மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். நன்றி நடந்துபோன ஓர் உதவியைத் திரும்பிப் பார்ப்பது. உதவி செய்தவர் சமமானவராகவும் இருக்கலாம், சின்னவராகவும் இருக்கலாம். விசுவாசம் நாளைக்கும் இங்கேதான் நிற்பேன் என்பது. நாயை மட்டும் இரண்டாலும் சொல்கிறோம். நாலடியாரில் ஒரு பாட்டு யானையையும் நாயையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. யானை, நெடுநாள் அறிந்த பாகனையே கொல்லும். நாயோ, வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் வால் குழைக்கும். அந்தப் பாட்டில் விசுவாசம் என்ற சொல்லே கிடையாது. வேலும் வாலும்தான் இருக்கின்றன. வாசித்த நாளிலிருந்து அந்த நாய் என் மனதை விட்டுப் போகவில்லை.

'செஞ்சோற்றுக் கடன்' கனமான சொல். கர்ணனுக்குப் பொருந்தும். துரியோதனன் பக்கம் நியாயமில்லை என்று தெரிந்தும் அவன் போட்ட சோற்றுக்காக உயிரைக் கொடுத்தான். உயிர் போகிற இடத்துக்கும் நியாயமும் சோறும் மோதுகிற இடத்துக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவரின் பாராட்டு விழாவில் அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

எதிர்ச்சொல் வேண்டுமென்றால்: சபை வழக்கில் 'அவிசுவாசம்'. அது நம்பாமை மட்டுமே, துரோகம் அல்ல. நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடினால் காவல் நிலையத்தில் எழுதுவது 'நம்பிக்கை மோசடி'. மனிதரை மனிதர் கைவிட்டால் 'நம்பிக்கைத் துரோகம்'. உண்ட வீட்டுக்குச் செய்வது 'இரண்டகம்', நம் வாயில் 'ரெண்டகம்'. கேட்கும்போதே அடிவயிற்றில் குத்துகிற நல்ல தமிழ்ச் சொல், வழக்கிலிருந்து போகவிடாதீர்கள்.

எழுத்தைப் பற்றிச் சுருக்கமாக: 'விசுவாசம்', 'விஸ்வாசம்' இரண்டும் வழக்கில் உண்டு, சபை வேலைகளில் முதலாவதுதான். ஒரு பிரதியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். க, ச, த, பவில் தொடங்கும் பெயரோடு சேர்ந்து ஒரே பெயரானால் மகரம் கெட்டு ஒற்று வரும்: விசுவாசப் பிரமாணம், விசுவாசத் துரோகம். 'விசுவாசம் மிக்க' என்பதைவிட 'விசுவாசமிக்க' என்று சேர்த்து எழுதுவது பார்வைக்கு நன்றாக இருக்கும்.

ஆலைக் கணக்கர் போன வருஷம் நேரில் வந்தார். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை அடிக்க வேண்டும். வாசகத்தை அவரே நோட்டுத் தாளில் கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில் கோடு போட்ட மாதிரி எழுதியிருந்தார். முதலாளி வீட்டுக்குக் கொடுக்க மட்டும் தனியாக ஒரே ஒரு பிரதி, அதன் அடியில் ஒரு வரி: 'என்றும் தங்கள் விசுவாசமுள்ள'. கீழே அவர் பேர். அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன். "இது இருக்கட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "இருக்கட்டும்மா. அந்த வீட்ல என் கல்யாணத்துக்கே அவங்கதான் பந்தி வச்சாங்க" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு, தாளை அப்படியே டைப் செய்யக் கொடுத்தேன்.